உழைக்கிற உடம்புக்கு எலும்புப் பயிற்சி எதற்கு?

பாம்பனுக்கு அருகே கடலில் பாசி எடுத்து முப்பது ஆண்டுகளைக் கழித்த ஓர் அம்மாள், அறுபத்திரண்டு வயதில் சொந்த வீட்டு வாசற்படியில் கால் தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பின் கையை மறுபடி பழக்குவதற்காக, இயன்முறை மருத்துவனாகிய என்னிடம் அனுப்பப்பட்டார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்ததால் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். எலும்பு மெலிந்திருப்பது அதில் தெரிந்தது. இதற்கென்று தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் கேட்டார்: "தம்பி, பாதி நாளு கடல்ல கெடக்கேன். கரைக்கு வந்தா தண்ணிக் கொடம் தூக்குறேன். இதுக்கு மேல இந்த ஒடம்புக்கு என்ன பயிற்சி?"

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் நான் போகும் ஊர்களிலெல்லாம் இதே கேள்வி ஏதோ ஒரு வடிவில் வருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. நாள் முழுவதும் உழைக்கிறவரிடம் போய் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வது, அவருடைய உழைப்பை மதிக்காத பேச்சாகவே அவர் காதில் விழும். ஆனால் உடம்பு களைப்பதும் எலும்பு உறுதிப்படுவதும் வேறு வேறு காரியங்கள். எவ்வளவு களைத்தோம் என்பதை எலும்பு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எந்த வகைச் சுமை, எவ்வளவு, எந்தத் திசையில் வந்தது என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அந்தச் சுமையை அளந்து கொடுப்பதற்குத்தான் பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே சொல்லில் இரண்டு நோய்கள்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "எலும்பு தேய்மானம்" என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது இரண்டு வெவ்வேறு நோய்களைக் குறிக்கிறது. முழங்காலை மடக்கினால் வலி, படி ஏறினால் வலி, காலையில் எழுந்தால் மூட்டு விறைப்பு என்பவை பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகள். எலும்புகள் சந்திக்கும் இடத்தில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு கெடுவதால் அது வருகிறது, வலியைக் காட்டியே வருகிறது.

நாம் பேசப்போவது மற்றொன்று. அதன் பெயர் எலும்புப்புரை. ஆங்கில மருத்துவம் ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்லும். எலும்பின் உள்ளமைப்பு மெலிந்து, துளைகள் பெரிதாகி, சிறிய விழுகைக்கே முறிந்துபோகும் நிலை இது. முறியும் வரை இது வலிப்பதில்லை. வலி இல்லாததால் நோய் இல்லை என்று நினைத்து இருந்துவிடுகிறோம். முறிவு பெரும்பாலும் மணிக்கட்டிலோ முதுகெலும்பிலோ இடுப்பிலோ நேர்கிறது. இவற்றுள் முதுகெலும்பு முறிவு ஏமாற்றக்கூடியது. விழாமலேயே, குனிந்து எதையோ தூக்கும்போது முள்ளெலும்பு ஒன்று நசுங்கிவிடலாம், "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். இளவயதில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டால், அதை வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனைக்கு டெக்ஸா ஸ்கேன் என்று பெயர். மிகக் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிரில், வலியில்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது தரும் எண்ணை டி-ஸ்கோர் என்பார்கள். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவின்படி, மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை.

ஆகவே மூட்டு வலி ஒரு நோய், எலும்பு மெலிவது மற்றொரு நோய். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எலும்புக்குள் ஒரு வலை

கீழக்கரை போன்ற பழைய கடற்கரை ஊர்களில் பவளக்கல்லால் கட்டிய சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரை உதிர்ந்த இடத்தில் அந்தக் கல்லை உற்றுப் பார்த்தால், உள்ளே முழுக்கச் சின்னஞ்சிறு கண்ணறைகள் தெரியும். கனம் குறைவு, உறுதி அதிகம். நம் எலும்பின் உட்பகுதியும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. இந்த ஒற்றுமையால்தான் சில வகைப் பவளத்தைப் பதப்படுத்தி, எலும்பு இழந்த இடத்தை நிரப்ப அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். பவளம் கால்சியம் கார்பனேட், எலும்பின் தாது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது என்பது வேதியியல் வேறுபாடு.

ஆனால் சுவரில் இருக்கும் பவளம் உயிரற்றது. எலும்பு உயிருள்ளது. கொலாஜன் என்னும் புரத நாரும், அதன் மேல் படிந்த தாதுவும் சேர்ந்ததே எலும்பு. நார் அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையையும், தாது கடினத்தையும் தருகின்றன. முதுகெலும்பின் உள்ளும், தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்திலும் இந்தப் பொருள் மெல்லிய இழைகளாக ஓடி, வலை போலப் பின்னிக்கிடக்கிறது.

இழை மெலிந்த வலையும் இழை அறுந்த வலையும் ஒன்றல்ல என்பது மீனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலும்பிலும் அதே கதைதான். இழை மெலிந்திருக்கும்போது அதன் மேலேயே புதுப்பொருளைப் படிய வைத்துத் தடிமனாக்க முடிகிறது. அறுந்துபோன இழையின் இரு முனைகளையும் மறுபடி இணைப்பது எலும்புக்கு மிகவும் கடினம். முறிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அழிப்பதும் கட்டுவதும்

1914-இல் திறந்து 2022 இறுதி வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தைச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தவர்களுக்கு, இரும்பை உப்புக்காற்று என்ன செய்யும் என்பது தெரியும். துருவைச் சுரண்டுவதும், சாயம் பூசுவதும், கெட்ட இரும்பை மாற்றுவதுமாக ஓயாமல் வேலை நடந்ததால்தான் அது நூறு ஆண்டுகளைக் கடந்து நின்றது.

நம் எலும்புக்குள்ளும் அப்படி ஒரு பராமரிப்புப் பணி வாழ்நாள் முழுவதும் நடக்கிறது. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், அவை விட்டுச்சென்ற குழியில் புது எலும்பை நிரப்பும் செல்கள் மறுபக்கம். முதலாவதற்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்றும், இரண்டாவதற்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்றும் பெயர். இந்தக் கட்டுரையில் கரைக்கும் செல், கட்டும் செல் என்றே சொல்கிறேன். ஓரிடத்தைக் கரைக்கச் சில வாரங்கள் போதும், அதே இடத்தைக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். இப்படி ஆண்டுதோறும் உடம்பின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது.

இளமையில் கட்டும் வேலை முந்துகிறது. முப்பது வயதை ஒட்டி இரண்டும் சமமாகின்றன. அதன் பிறகு கரைக்கும் வேலை மெல்ல மெல்ல முந்தத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது, கரைக்கும் செல்களை அதுவரை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைந்துவிடுகிறது. அதனால் அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 விழுக்காடு வரை போய்விடக்கூடும். ஆண்களுக்கு இழப்பு மெதுவாக நடக்கிறது, நடக்காமல் இருப்பதில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆண்களின் இடுப்பு முறிவும் நான் பார்த்துவருவதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் வளர்ந்த பிறகு கொண்டிருக்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு, அவள் வேகமாக வளரும் அந்த இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெரும்பாலும் பூப்பெய்துவதை ஒட்டிய காலம் அது. பாண்டி ஆடுவதையும் கயிறு தாண்டுவதையும் ஓடிப் பிடிப்பதையும் "பெரிய பிள்ளையாயிட்டே" என்று சொல்லி நாம் நிறுத்துவதும் சரியாக அந்த ஆண்டுகளில்தான். பாட்டியின் இடுப்பைப் பற்றிக் கவலைப்படும் வீடு, பேத்தியைக் குதித்து விளையாட விட வேண்டும்.

சுமையை எலும்பு எப்படி அறிகிறது?

பாலத்துக்கும் எலும்புக்கும் உள்ள ஒப்புமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எந்தத் தூணில் சுமை அதிகம் என்பது பாலத்துக்குத் தெரியாது, பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எலும்புக்கு அது தானாகவே தெரியும். எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதி வைத்தார். அது எப்படி நடக்கிறது என்பது பின்னாளில்தான் விளங்கியது.

கட்டும் செல்களில் சில, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து தங்கிவிடுகின்றன. அவற்றை ஆஸ்டியோசைட் என்பார்கள், நாம் உணரும் செல் என்று வைத்துக்கொள்வோம். எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இவைதான். ஒவ்வொன்றும் நுண்ணிய கால்வாய்களின் வழியே கைகளை நீட்டி அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கால்வாய்களில் நீர்மம் நிறைந்திருக்கிறது. பாரம் ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, வளையும்போது அந்த நீர்மம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது தண்ணீர் ஓடுவதைப் போல என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டத்தை உணரும் செல் அறிகிறது.

சுமை இல்லாத நாட்களில் உணரும் செல்கள் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, கட்டும் செல்களை அடக்கி வைக்கின்றன. தேவையில்லாத இடத்தில் எதற்குக் கட்ட வேண்டும் என்கிற சிக்கனம் அது. போதிய சுமை வந்தால் இந்தச் சுரப்பு குறைகிறது, கட்டும் செல்கள் வேலையில் இறங்குகின்றன. இதே புரதத்தைத் தடுத்து எலும்பைக் கட்டும் ஊசி மருந்தும் இப்போது இருக்கிறது. அந்தப் பூட்டை மருந்து ஒரு வழியில் திறக்கிறது, பயிற்சி வேறொரு வழியில் திறக்கிறது. விண்வெளிக்குச் சென்று எடையின்றி மிதந்தவர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ இழப்பு ஏற்பட்டதும் இதே காரணத்தால்தான். பூட்டைத் திறக்கச் சுமையே இல்லை.

ஆனால் உணரும் செல்கள் எல்லாச் சுமைக்கும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. பழகிய அளவைவிடச் சுமை கூடுதலாக இருக்க வேண்டும். அது மெதுவாக ஏறுவதைவிடச் சற்று விரைவாக ஏறினால் பலன் அதிகம். திசை மாறி மாறி வந்தால் நல்லது. ஒரே சுமை திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் செல்களுக்கு உணர்வு மழுங்கிவிடுகிறது. சில மணி நேரம் ஓய்வு கிடைத்தால்தான் மறுபடி கூர்மை வருகிறது. எனவே நாள் முழுக்க ஆயிரம் முறை செய்யும் இலேசான வேலையைவிட, ஓய்வோடு சேர்ந்த சில கனமான அசைவுகளே எலும்புக்குக் கூடுதலான செய்தியைச் சொல்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், எலும்பை ஒரு கூட்டம் கரைக்கிறது, ஒரு கூட்டம் கட்டுகிறது, எங்கே கட்ட வேண்டும் என்பதை உள்ளே புதைந்திருக்கும் மூன்றாவது கூட்டம் சொல்கிறது. அந்த மூன்றாவது கூட்டத்தை எழுப்புவது களைப்பு அல்ல, புதிதான, போதுமான சுமை.

கடலோர வேலைகளை எலும்பின் கண்ணால் பார்த்தால்

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்குத் திரும்பலாம். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி எழுவது எவ்வளவு கடினமான வேலை என்பதைக் கரையில் நிற்கிற நான் சொல்லத் தகுதியில்லாதவன். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் தோளுக்கும் அது பெரிய பயிற்சி. ஆனால் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்கிறது. மார்பளவு நீரில் நிற்பவரின் பாதம் தாங்கும் எடை, கரையில் தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முழுக்க மூழ்கியவரின் இடுப்புக்கும் முதுகுக்கும் அதுவும் இல்லை. நீச்சல் உடம்புக்கு எவ்வளவோ நன்மை செய்தாலும், எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் பயிற்சிகளின் வரிசையில் சேராததற்குக் காரணம் இதுவே.

தண்ணீர்க் குடம் உண்மையிலேயே கனமானது, பதினைந்து கிலோவாவது இருக்கும். ஆனால் பத்து வயதிலிருந்து அதே குடம், அதே இடுப்பு. எலும்பு அதற்குத் தன்னை எப்போதோ சரிசெய்துகொண்டுவிட்டது. இருபது வயதில் செய்தியாக இருந்த சுமை அறுபதில் வெறும் பழக்கம். ஒரே பக்கம் சாய்ந்து சுமப்பதால் முதுகெலும்பும் நேராக இருப்பதில்லை.

காலையில் கடற்கரையில் நடப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது, ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஆனால் நடை மட்டுமே முதுகெலும்பின் அடர்த்தியைக் கூட்டிவிடுவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதாததற்கு மணல், காலடி விழும் அதிர்வை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கால் களைக்கும், எலும்புக்குப் போக வேண்டிய செய்தி பாதியிலேயே நின்றுவிடும்.

கருவாடு காயவைக்கும் பெண்களின் வேலையைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, முதுகை வில்லாக வளைத்து, மணிக்கணக்கில் மீனைப் பரப்புவதும் திருப்பிப் போடுவதும் முள்ளெலும்பின் முன்பக்கத்தை அழுத்துகிற அசைவுகள். எலும்புப்புரையில் முதலில் நசுங்குவதும் அந்த முன்பக்கம்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்புப்புரை உள்ள 59 பெண்களைப் பயிற்சிவாரியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 1984-இல் வெளிவந்தது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குப் புதிதாக முள்ளெலும்பு முறிவு ஏற்பட்டது, முன்னோக்கி வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு. சிறிய ஆய்வுதான், என்றாலும் "எந்தப் பயிற்சியானாலும் நல்லதுதானே" என்ற பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். தொலைபேசியில் வரும் வீடியோவைப் பார்த்து, கால் விரலைத் தொடும் பயிற்சியை எலும்பு மெலிந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார்?

கனமான சுமை எலும்பைக் கட்டும் என்கிறோம். மெலிந்த எலும்பு சுமையால் முறியும் என்றும் சொல்கிறோம். இரண்டும் உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகலான வழியில் ஒருவரைக் கைபிடித்து நடத்திச் செல்வதற்குத்தான் மேற்பார்வை என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வு இதை அளந்து காட்டியது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். சராசரி வயது 65. ஒரு பிரிவினர் எட்டு மாதங்கள், வாரம் இரண்டு முறை, முறைக்கு அரை மணி நேரம் மட்டும், பயிற்சியாளர்களின் கண் முன்னே கனமான எடைகளைத் தூக்கினார்கள், தொங்கிக் குதித்து இறங்கினார்கள். மற்றப் பிரிவினர் வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்தார்கள். முதல் பிரிவினருக்கு முதுகின் கீழ்ப்பகுதியில் எலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது, இரண்டாம் பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. கனமான எடையால் முதுகு முறிந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சிய அந்தப் பயிற்சியில், முதல் பிரிவில் நேர்ந்த பாதிப்பு ஒருவருக்கு வந்த இலேசான இடுப்புப் பிடிப்பு ஒன்றுதான்.

இந்த முடிவை வைத்துக்கொண்டு நாளையே வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கிவிடக் கூடாது. அங்கே முதல் மாதம் முழுவதும் தங்கள் உடல் எடையோடும் இலேசான சுமையோடும் அசைவைப் பழகினார்கள். அதன் பிறகுதான் எடை படிப்படியாக ஏறி, ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 80 விழுக்காட்டுக்கு மேல் போனது. அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்களுக்கு இவ்வளவு கனமும் குதித்தலும் பொருந்தாமல் போகலாம், அவர்களுக்கு நிமிர்த்தும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் முன்னே வரும். இதை முடிவு செய்ய, பயிற்சிக்கு முன்பே ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் மருந்துச் சீட்டையும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன். இடம், புயல் பாதுகாப்பு மையத்தின் கூடம். சிமெண்டுத் தரை, நல்ல காற்று, பிடித்துக்கொள்ளச் சுவர். முதல் கருவி ஓர் ஆள் உயரக் கம்பு. அதை முதுகோடு சேர்த்து நிறுத்தினால் பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் அடி ஆகிய மூன்று இடங்களைத் தொட வேண்டும். அப்படியே முழங்காலைச் சற்று மடக்கி, பின்பக்கம் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளுவதைப் போல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் குனிய வேண்டும். மூன்றில் ஓர் இடத்திலிருந்து கம்பு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். தனியாகச் செய்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. மேற்பார்வையின் பாதிப் பயன் இந்த ஒரு காரியத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது கருவி, மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் கேன்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதால் எங்களுக்கு வேறு தராசு தேவைப்படவில்லை. கேனைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயர முக்காலியின் மேல் வைத்து, கைக்கு இரண்டு லிட்டரில் தொடங்குகிறோம். ஐந்து முறை தூக்கி இறக்கி, ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து முறை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மூச்சை அடக்குகிறாரா, ஒரு தோள் இறங்குகிறதா, இன்னும் இரண்டு முறைக்கு மேல் முடியாது என்ற இடம் வந்துவிட்டதா என்பதையெல்லாம் முகமும் தோளும் சொல்லிவிடும். முதுகு நேராக இருக்க, மூச்சு விட்டுவிட்டு, ஐந்தும் எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் அரை லிட்டர் கூடும். வடிவம் குலைந்தால் கூடாது. சில வாரம் குறைக்கவும் செய்வோம். மருந்தளவை மருத்துவர் கூட்டிக் குறைப்பதைப் போலத்தான் இது.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி, குதிகாலைத் தரையில் சற்று அழுத்தமாக இறக்குதல். சிறிய அதிர்வு இடுப்பு வரை போகும். முதுகு முறிவு இல்லாதவர்களுக்கு மட்டும் இது. கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது.

தசை இரண்டு நாள் வலித்தால் அது பயிற்சியின் வலி. முதுகெலும்பின் நடுவே சுரீர் என்று குத்தினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விழாமல் இருப்பதும் எலும்பைக் காப்பதுதான்

அடர்த்தி ஒன்று இரண்டு விழுக்காடு கூடுவதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். ஒன்றும் செய்யாமலிருந்தால் அது குறைந்துகொண்டே போகும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தவிர, மணிக்கட்டும் இடுப்பும் முறிவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு விழுகை இருக்கிறது. சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் சேர்ந்து முதியோர் விழும் வீதத்தை ஏறத்தாழ 34 விழுக்காடு குறைக்கின்றன என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொடக் கோட்டின் மேல் நடப்பது போன்ற எளிய பயிற்சிகள்தான். சமையலறை மேடையைத் தொட்டுக்கொண்டு தினமும் செய்யலாம்.

வீட்டையும் பார்க்க வேண்டும். முற்றத்தில் கிடக்கும் வலையும் கயிறும், ஈரமான படிக்கட்டு, இரவில் விளக்கில்லாத கழிப்பறை வழி, அறுவை செய்யாமல் தள்ளிப்போட்ட கண்புரை. இவற்றால் விழுந்தவர்களை நான் பார்த்த அளவுக்கு வேறெதனாலும் விழுந்தவர்களைப் பார்த்ததில்லை.

மருந்தையும் சோற்றையும் விடக் கூடாது

பயிற்சி, மருந்தின் இடத்தைப் பிடிக்காது. எலும்புப்புரை உறுதியானவர்களுக்கு, அதிலும் ஒருமுறை முறிந்தவர்களுக்கு, கரைக்கும் செல்களை அடக்கும் மருந்து தேவைப்படும். வாரம் ஒரு மாத்திரையாக வரும் அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தவறவிட்டால் எலும்பு மிக வேகமாகக் கரைந்து முதுகில் முறிவு வரக்கூடும். எனவே மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களும் எலும்பைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கட்டும் செல்லுக்குச் சரக்கும் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய அளவுப் பட்டியல். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நம் கடல் தருகிற நல்ல கால்சியம். அதையே கருவாடாக நாள்தோறும் தின்றால் உப்பு மிகுந்துவிடும், உப்பு கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்த மாவட்டத்திலும் வைட்டமின் டி குறைவு வருகிறது. தலையிலிருந்து மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு வெயிலில் நின்றால் தோலுக்கு ஒளி சேராது. இரத்தச் சோதனையில் குறைவு தெரிந்தால், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் மாத்திரையை விழுங்கக் கூடாது.

எங்கே தொடங்குவது?

மருத்துவமனையிலோ, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருபவரிடமோ, ஓர் இயன்முறை மருத்துவரைப் பார்த்து, "எனக்கு எலும்புப்புரை இருக்கிறது, எலும்புக்கான பயிற்சி வேண்டும்" என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "மூட்டு வலி" என்று மட்டும் சொன்னால் அதற்கான பயிற்சிதான் கிடைக்கும். வாரம் இரண்டு நாள் நேரில் வர முடியாதவர்கள் முதல் இரண்டு மாதமாவது வந்து அசைவைச் சரியாகப் பழகிக்கொண்டு, பிறகு வீட்டில் ஒருவரைக் கம்போடு பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யலாம். மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பொறுமையும் வேண்டும். ஓரிடத்தைக் கரைத்துக் கட்டி முடிக்கவே பல மாதங்கள் ஆவதால், ஓராண்டு முடிவதற்குள் ஸ்கேனில் மாற்றத்தைத் தேடுவதில் பயனில்லை. பயிற்சியை விட்டுவிட்டால் சேர்ந்ததும் மெல்லப் போய்விடும்.

அந்த அம்மாள் கையின் முறிவு முழுக்கக் கூடி, மருத்துவர் சரி என்ற பிறகு எங்கள் கூடத்துக்கு வந்தார். கடலுக்குப் போகிற நாட்களில் வர மாட்டார், அலை சரியில்லாத நாட்களில் முதல் ஆளாக வந்து நிற்பார். கைக்கு இரண்டு லிட்டரில் தொடங்கியவர் எட்டாவது மாதத்தில் ஏழு லிட்டரில் இருக்கிறார். அடுத்த ஸ்கேன் வரும் ஆண்டில்தான். போன வாரம் புதிதாக வந்த ஒருவர் கேனைத் தூக்கக் குனிந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, மறுகோடியிலிருந்து அவர் குரல் வந்தது: "முதுக வளைக்காத தாயி, இடுப்பப் பின்னால தள்ளு. அந்தக் கம்ப எடுத்துட்டு வா, நான் வச்சுக் காட்டுறேன்."